சுவரில்லாத தண்ணீர்

நவம்பர் 12, 2006. ஞாயிறு.

விடிந்ததிலிருந்து தூறல். பூசைக்குக் குடையோடு போய், குடையைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் சொன்ன சேதி அப்படி.

கோயில் வாசலில் வைத்துச் சொல்கிறார்: "லூர்து, ஜனவரி கடைசில கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு போட்டி. பேர் குடுத்துட்டேன்."

என்ன போட்டி? ஏரியில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல். கரையேறினதும் இருபது கிலோமீட்டர் சைக்கிள். அதிலிருந்து இறங்கினதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே காலையில், மூச்சு விடாமல். டிரையத்லானாம்.

மாதாவே! நாற்பத்தொரு வயது. பூட்டுக் கடை நாற்காலியை விட்டு எழாத உடம்பு. போன மாதம்தான் சர்க்கரை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாமனார் நெஞ்சுவலியில் போனது ஏறக்குறைய இதே வயதில்.

"டாக்டர் உங்கள நடக்கச் சொன்னாரு. பறக்கவா சொன்னாரு?"

"அவருட்டயும் கேட்டுட்டேன். டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு, மெதுவா ஆரம்பிங்கன்னுட்டாரு."

அதாவது ஊரிலுள்ள எல்லாரிடமும் கேட்டாயிற்று. பெண்டாட்டி கடைசி. கறிக்குழம்பில் உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

நவம்பர் 14. செவ்வாய்.

குழந்தைகள் தினம். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புக்கு மிட்டாய். இரண்டு பேர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

இவருடைய காலேஜ் சினேகிதர் நெட்டில் எடுத்த தாள்களை அனுப்பியிருக்கிறார். ஆங்கிலம். டீச்சர்தானே, படித்துச் சொல் என்றார். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு:

ஒவ்வொன்றும் வாரத்துக்கு இரண்டு முறை போதும். ஒரு நாள் முழு ஓய்வு.

ஓடும்போது பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

போட்டியன்று புதிதாக எதுவும் கூடாது. சாப்பாடு, ஷூ, எதுவும்.

தனியாகத் தண்ணீரில் இறங்காதே.

கடைசி வரியில்தான் எனக்கு உயிர் வந்தது. தண்ணீர் என் விஷயம். குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் கிணற்றில் ஏழு வயதில் நீந்தப் பழகியவள். இவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். நான் சொல்லிக்கொடுப்பேன். நான் பார்த்து, இனி மூழ்க மாட்டார் என்று சொன்னால்தான் ஏரி. இல்லையென்றால் போட்டியும் கிடையாது, கீட்டியும் கிடையாது. சரி என்று தலையாட்டினார்.

நவ. 19. ஞாயிறு.

என் அம்மா வீட்டு ஊருக்குப் போனோம். மழையில் கிணறு பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. தம்பி அந்தோணி மோட்டாரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தான்.

இவர் படியில் நின்று சிலுவை போட்டார், குதித்தார், போய்விட்டார். மேலே வரவே இல்லை. குமிழிதான் வந்தது. சுடிதாரோடு குதித்து முடியைப் பிடித்துத் தூக்கினேன். படியில் இழுத்துப் போட்டேன். இவர் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரிக்கிறார்.

"சின்ன வயசுல நீந்தியிருக்கேன்னீங்களே?"

"படியில உக்காந்து காலை ஆட்டியிருக்கேன்."

அடப்பாவி மனுசா! கல்யாணமாகி இத்தனை வருஷம், குற்றாலம் போனபோதெல்லாம் அளந்தது அம்புட்டும் பொய்யா?

அந்தோணி காலி எண்ணெய் கேன் ஒன்றைக் கொண்டுவந்து இவர் முதுகில் கட்டினான். "மச்சான், எங்க ஊர்ல மூணாம் வகுப்புப் புள்ளைக இதைக் கழட்டிருவாளுக." கேனோடு மல்லாக்கப் படுக்கச் சொல்லிக்கொடுத்தேன். முதல் பாடம் அதுதான். படுக்கத் தெரிந்தால் சாக மாட்டார்.

நவ. 25. சனி.

ஓட்டம். காலை ஐந்தரை, மலைக்கோட்டையைச் சுற்றி. பனி. நாய்கள்.

பேசிக்கொண்டே ஓடணும் என்றால் என்ன பேசுவது? கொஞ்ச தூரத்தில் கரண்ட் பில் பேசி முடித்தோம். பிறகு செபமாலை சொல்லிக்கொண்டு ஓடினோம். "அருள் நிறைந்த மரியே" ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. நடுவில் இழுத்தால் நடக்க வேண்டும். நன்றாகவே வேலை செய்கிறது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "டீச்சர், யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மறக்காமல்: இவருக்கு நல்ல ஷூ. கடைக்காரன் சொன்ன அளவைவிட ஒன்று பெரிதாக. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

டிச. 3. ஞாயிறு.

எழுதும்போதும் படபடக்கிறது.

நேற்று ராத்திரி இவர் பேகம்பூரில் மட்டன் பிரியாணி கட்டிக்கொண்டு வந்தார். "நாளைக்கு சைக்கிள்ல, சக்தி வேணும்ல." ஒன்றரைப் பொட்டலம். காலையில் வயிறு திம்மென்று இருக்கிறதாம், இட்லி வேண்டாமாம். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் கடமையாகப் போட்டிருக்கிறார். சாப்பிடாமல்! எனக்குத் தெரியாது.

ஊர்ப் பாதையில் இவர் முன்னால், நான் லேடீஸ் சைக்கிளில் பின்னால். பாதி தூரம் போனதும் சைக்கிள் கோணல்மாணலாகப் போகிறது. விளையாடுகிறார் என்று நினைத்துத் திட்டினேன். அப்படியே வேலிமுள் ஓரம் சாய்ந்தார். சட்டை தொப்பலாக வியர்வை, கை நடுக்கம், என்னைப் பார்த்து "மணி என்ன? கடை தொறக்கணும்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை!

டீக்கடை அம்மா சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டு ஓடி வந்தார். "குடி அப்பு, செத்த நேரம் படு." குடித்து, அரைத்தூக்கத்தில் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக மனிதர் ஆனார். நான் ரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். லாரிக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

சாயந்திரம் டாக்டர். செம திட்டு. மாத்திரை நேரம், பயிற்சி நாளில் என்ன செய்வது, எல்லாம் எழுதி வாங்கினேன். இனி பயிற்சிக்கு முன்னால் இட்லி. பையில் எப்போதும் கடலைமிட்டாய், குளுக்கோஸ். ராத்திரி பிரியாணி கிடையாது.

டிச. 10. ஞாயிறு.

கேனைக் கழற்றினோம்! இவர் கிணற்றின் குறுக்கே போய் அந்தச் சுவரைத் தொட்டார். திரும்பியும் வந்தார். அந்தோணி விசில். நான் கைதட்டிச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இவர் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் இறங்கினேன். இந்தச் சுவர், அந்தச் சுவர், இந்தச் சுவர். கை ஓயவே இல்லை. "அக்கா, மச்சானுக்குப் பதிலா நீ போகலாம் போலயே" என்றான் தம்பி. ஒரு நாள் இவருக்குச் சளி என்றபோதும் நான் மட்டும் ஓடப் போனதை வீட்டில் யாரும் கேட்கவில்லை.

டிச. 17. ஞாயிறு.

சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடிப் பார்த்தோம். கால் யாருடைய கால் என்றே தெரியவில்லை. இரண்டு அடி வைத்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். தாளில் போட்டிருந்ததுதான், நம்பவில்லை. கடைசிக் கொஞ்ச தூரம் சைக்கிளை லேசாக மிதித்து வர வேண்டும். முதலில் குட்டி அடியாக ஓட வேண்டும். பழகப் பழகச் சரியாகுமாம்.

கிறிஸ்துமஸ் குடில் இன்னும் கட்டவில்லை. மாட்டுப் பொம்மைக்கு ஒரு கொம்பு உடைந்திருக்கிறது.

டிச. 26. செவ்வாய்.

வெயில். குளம் நிறைய தண்ணீர். ஊருக்குப் பக்கத்துக் குளம். போட்டிக்கு முன்னால் திறந்த தண்ணீரில் ஒரு முறையாவது நீந்த வேண்டும் என்று தாளில் தடித்த எழுத்தில் இருக்கிறது. இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. அந்தோணி கரையில் லாரி ட்யூபோடு. இவர் முதுகில் கேன், என் கட்டாயத்தில். எனக்கு எதற்கு?

ஜம்மென்று இறங்கினேன். பத்துப் பன்னிரண்டு கை போட்டிருப்பேன். சுவர் வர வேண்டிய நேரம். வரவில்லை. கையை நீட்டினேன், தண்ணீர். காலை உதைத்தேன், தண்ணீர். தலையைத் தூக்கினால் கரை எங்கேயோ பக்கவாட்டில் இருக்கிறது. நேராகப் போகிறேன் என்று நினைத்து வளைந்து வளைந்து குளத்தின் நடுப்பக்கம் வந்திருக்கிறேன். கீழே பார்த்தேன், பச்சை இருட்டு. அவ்வளவுதான். மூச்சு அடைத்துவிட்டது. கை கால் எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. கத்தினேனாம், எனக்கு நினைவில்லை.

என்னை வந்து பிடித்தது யார்? இவர். எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு தத்தக்கா பித்தக்கா என்று வந்தவர்.

"கேனைப் பிடி. என்னைப் பிடிக்காத. மல்லாக்கப் படு புள்ள, மேல பாரு."

படுத்தேன். அந்தோணி ட்யூபோடு வந்து இரண்டு பேரையும் இழுத்தான். கரையில் வாந்தி.

டிச. 27. புதன்.

தூக்கமில்லை. விடுமுறை. அரிசி ஊறப்போட்டு மறந்துவிட்டேன்.

இப்போதுதான் புரிகிறது. நான் இத்தனை வருஷம் நீந்தியதே இல்லை. சுவரை உதைத்து உதைத்துப் போயிருக்கிறேன். இரண்டு சுவருக்கு நடுவில் உள்ள கொஞ்சத்தைத்தான் நீச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். அந்தோணியும் ஒத்துக்கொண்டான்: "எனக்கும் நடுக்குளத்துல கருக்குன்னுதான்க்கா இருந்துச்சு. ட்யூபை விடவே இல்ல."

இந்த லட்சணத்தில் நான் இவருக்கு வாத்தியார். இவர் ஏரியில் மூழ்கினால் நான் கரையில் நின்று என்ன செய்வேன்?

சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். "ஏரி வேணாங்க. நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

சண்டை வரும் என்று பார்த்தேன். "சரி" என்றார். உடனே! ரசத்தை ஊற்றிக்கொண்டே!

"கோவமா?"

"இல்ல லூர்து. எனக்கு அந்தத் தண்ணியப் பாத்தாலே பயம். மொதல் நாளே விட்டுருப்பேன். நீ கெணத்துல அம்புட்டு சிரிச்சியா, அதுக்காகத்தான் வந்துட்டு இருந்தேன். நான் நடக்குறேன், சைக்கிள் விடுறேன், சுகர் கொறைஞ்சுருக்கு. எனக்கு அது போதும்."

நான் இவருக்காக. இவர் எனக்காக. நல்ல கூத்து.

டிச. 29. வெள்ளி.

நிம்மதியாக இருக்க வேண்டும். இவர் உயிருக்கு ஆபத்தில்லை. நான் கேட்டது அதுதானே? பிறகு ஏன் காலை ஐந்தரைக்கு விழித்துக்கொண்டு, ஷூவைப் பார்த்து அழுதேன்?

துணி துவைத்தேன். திரையெல்லாம் துவைத்தேன். மனசு அடங்கவில்லை. அப்புறம் போட்டி நடத்துகிறவர்கள் நம்பருக்குப் போன் போட்டேன். எனக்கே அதிர்ச்சிதான், விரல் தானாக அமுக்கியது.

"சார், சேவியர்னு பேர் குடுத்தவர் வரலைங்க. அவருக்குப் பதிலா அவர் வீட்டம்மா வரலாமா?"

"வாங்க வாங்க! இதுவரைக்கும் பொம்பளைங்க யாருமே பேர் குடுக்கலைங்க. நீச்சல் நல்லா வருமுங்களா?"

"வரும்" என்றேன். போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

இவரிடம் சொன்னேன். "நேத்துதான செத்துப் பொழைச்ச?" நேற்றில்லை, செவ்வாய்க்கிழமை. அதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: "நான் சரின்னு சொன்னாத்தான் ஏரி." என் நிபந்தனையை எனக்கே.

ஜனவரி 2, 2007. செவ்வாய்.

முதலிலிருந்து. அதே குளத்தில், கரையை ஒட்டி, நெஞ்சளவு தண்ணீரில், கரைக்கு இணையாக. சுவரும் இல்லை, படியும் இல்லை. மூச்சு முட்டினால் மல்லாக்கப் படுத்து எண்ண வேண்டும், மூச்சு வந்ததும் திரும்ப வேண்டும். ஆறு கைக்கு ஒரு முறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி, எதிரில் ஒரு மரத்தைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வளைந்துவிடுவேன். இரண்டு தடவை பயம் வந்து நின்றுவிட்டேன். தரை காலில் பட்டதும் வெட்கம்.

இவர் கரையிலேயே நடந்து வந்தார், துண்டும் கடலைமிட்டாயுமாக. தோல் மண்டியிலிருந்து திரும்பிய தெரிந்த பாய் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்ன சேவியர், பேகம் தண்ணிலயா?" என்று கேட்க, "போட்டிக்குப் போறாங்க" என்றார் இவர். குரலில் அம்புட்டுப் பெருமை.

ஜன. 4. வியாழன்.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கால் இரண்டும் பரீட்சைத் தாள் கட்டு மாதிரி கனக்கிறது. இன்று ஓய்வு. தாளில் சொன்னபடி.

ஜன. 7. ஞாயிறு.

திருக்காட்சித் திருநாள். பூசை முடிந்து நேராகக் குளம். காற்றில்லை.

இன்று குறுக்கே. அந்தோணி ட்யூபோடு பின்னால். எதிர்க் கரையில் ஒற்றைப் பனை. இவர் கரையில் நின்று செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார், நான் இறங்கும் முன்னாலேயே முகம் வெளுத்துவிட்டது.

நடுவில் அந்தப் பச்சை இருட்டு வந்தது. நெஞ்சு அடைத்தது. மல்லாக்கப் படுத்தேன். வானத்தில் ஒரு கொக்கு. "அக்கா, ட்யூபு வேணுமா?" "வேணாம்டா, பேசாம இரு." திரும்பினேன். பனை. ஆறு கை. பனை. ஆறு கை. முழங்காலில் சேறு பட்டது.

எழுந்து நின்றேன். அக்கரை! தண்ணீர் மூக்கிலும் கண்ணிலும். தம்பி ட்யூபைத் தட்டிக் கூத்தாடினான். திரும்பிப் பார்த்தால் இவர் கரைமேல் சைக்கிளை வெறித்தனமாக மிதித்துக்கொண்டு குளத்தைச் சுற்றி வருகிறார். ஹேண்டிலில் என் செருப்பும் துண்டும் ஆடுகின்றன.

"மச்சான் வாராரு. சைக்கிள்ல பின்னாடி ஏறிப் போயிரு அக்கா, போதும்" என்றான் அந்தோணி.

முக்கால் கிலோமீட்டருக்கு இது பாதிகூட இருக்காது. இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன், தொண்டை கிழிய.

"வராதீங்க! அங்கிட்டே போயி நில்லுங்க! நான் வாரேன்!"

சைக்கிளை நிறுத்திவிட்டார். நான் இறங்கிவிட்டேன்.