பினாயில் வாடையும் உன் பாம்பின் சளியும்

நான் பாம்புக்குப் பால் ஊற்றிக் கும்பிடுகிறேன் என்று எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. புருஷன் போனபின் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டும் பொய். ஒரு சொட்டுப் பால்கூட நான் அதற்கு ஊற்றியதில்லை. என் பள்ளித் தோழி நீ விட்டுப்போன பாம்பை வளர்க்கிறேன், அவ்வளவுதான். அதையும் அருவருப்போடுதான் செய்கிறேன். அந்த அருவருப்பை உன்னிடம் ஒருநாளும் நான் மறைத்ததில்லை.

இன்று காலை எதிர்வீட்டில் படிகளைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். வாடை என் கூடம் வரை வந்தது. எழுபது வயது தாண்டும்வரை அதைச் சுத்தத்தின் வாசனை என்று நம்பியிருந்தவள் நான். இன்று ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் தம்பி மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது அந்தப் பாம்பை உன் தலையில் கட்டினான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மலைப்பாம்பு வகை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். அரசாங்கப் பதிவுச் சீட்டுகூட உண்டு. நீ அதற்குப் பட்டு என்று பெயர் வைத்தாய். வங்கியில் அத்தனை வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெண், சங்கிலி தொங்க வேண்டிய கழுத்தில் பாம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு எனக்குக் காபி நீட்டினாய். நான் வாங்கவில்லை.

“ஏண்டி, அது ஒன்னைய என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ண வேணாம். பாத்தாலே போதும்.”

“கான்வென்ட்ல தவளைய அறுக்கச் சொன்னப்ப மட்டும் மொத ஆளாப் போய் நின்னே?”

“அது செத்திருந்துச்சுடி.”

நீ சிரித்த சிரிப்பில் பாம்பு சுருண்டுகொண்டது.

போன மார்கழியில் உனக்கு இருதய ஆபரேஷன் என்று முடிவானது. பாம்பை யார் பார்த்துக்கொள்வது என்று நீ கேட்டதும் உன் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அது அன்பு அல்ல, கர்வம். முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

“பெட்டிய வெந்நீர்ல தொடச்சாப் போதும். பினாயில் மட்டும் ஆகாதுடி. அதோட நெஞ்சுக்கு ஒத்துக்காது,” என்றாய். சரி என்றேன். பாம்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்ததும் அதன் மூலையில் அது கழித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். இதை வெறும் வெந்நீரிலா துடைப்பது? கான்வென்ட் விடுதிக் குளியலறைச் சுவரில் சிஸ்டர் வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்ப்பாரே, அந்தச் சுவரைக் கழுவி வளர்ந்தவள் நான். வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி பினாயில். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ஈரம் காயுமுன்பே அதைத் திரும்ப உள்ளே விட்டேன். வாடை போகட்டும் என்று மார்கழிக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்தேன். பெட்டிக்கு அடியில் இருந்த மின்சாரச் சூட்டுப் பாய் தீப்பிடித்துவிடும் என்று பயந்து அதையும் அணைத்தேன்.

ஐந்தாம் நாள் பெட்டியிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது. சீறல் இல்லை. சளி பிடித்த குழந்தை தூங்கும்போது மூக்கில் கேட்குமே, அது. குனிந்து பார்த்தேன். மூக்குத் துவாரத்தில் குமிழி. வாயைப் பாதி திறந்து, தலையைக் கூரைப் பக்கமாகத் தூக்கி வைத்திருந்தது. வாயோரத்தில் வெண்டைக்காய்க் கோழை போல நூல் நூலாகத் தொங்கியது. நான் வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

அன்று வெள்ளிக்கிழமை வேறு. எதிர்வீட்டு அம்மாள் ஒரு கிண்ணம் பாலும் முட்டையுமாக வந்து நின்றாள்.

“அக்கா, நாகம்மா ஒங்க வீடு தேடி வந்துருக்கா. இந்தப் பால மட்டும் அது வாயில ஊத்திட்டுப் போறேன்.”

“அது நாகம்மா இல்ல. ஆம்பள, ஆப்பிரிக்காக்காரன். அவனுக்குச் சளி. போங்க.”

“சளியா! அப்ப சாம்பிராணி போடுவோம்க்கா, பச்சப்புள்ளைக்குப் போடுற மாதிரி.”

கதவைச் சாத்தினேன். அவள் கிண்ணத்தை வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். தெருவில் உலவும் கதை அந்தக் கிண்ணத்தில் பிறந்தது.

மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்தாய். மறுநாள் ஆபரேஷன். உன் குரலே உனக்குப் பாரமாக இருந்தது.

“பட்டு எப்படிடி இருக்கான்?”

“நல்லா இருக்கு.”

“மூச்சுல சத்தம் எதுவும் வருதா?”

“இல்ல.”

“பினாயில் போடலைல?”

“இல்ல.”

நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஒன்றும் கேளாதவள் போல, “ஒருவேளை சத்தம் வந்துச்சுன்னா ஜன்னலச் சாத்திரு. சூட்டுப் பாய அணைக்காத. எரை வைக்காத. வாயில எதையும் ஊத்திராத, நேரா நெஞ்சுக்குள்ள போயிரும். ரெண்டு நாள் பாப்போம்னு ஒக்காந்துராத, டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போ. பாம்பால இருமித் துப்ப முடியாதுடி,” என்றாய்.

போனை வைத்ததும் நீ சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். மறுநாள் காலை தலையணை உறையில் அதைக் கட்டி ஆட்டோவில் தூக்கிப் போனேன். முதல் டாக்டர், நாய்க்கும் மாட்டுக்கும்தான் பார்ப்பேன் என்றார். இரண்டாவது ஒரு சின்னப் பெண். உறையைத் திறந்து முகர்ந்ததுமே கேட்டாள்: “பாட்டிம்மா, பினாயில் ஊத்துனீங்களா?”

“ஊத்தினேன்.”

உன்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாதவளிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன்.

வாயிலிருந்து கோழையைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசி, அதுவும் உடம்பின் முன்பாதியில். அவள் போட, தலையை நான் பிடித்தேன். வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்து, பழைய கைப்பை போல இருந்தது. அதனால் என் அருவருப்பு குறைந்துவிடவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் நீ இல்லை. உன் வீட்டில் அழுதுவிட்டு வந்து, சேலை மாற்றிக்கொண்டு, அடுத்த ஊசிக்குப் போனேன். சத்தம் முழுசாக நிற்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது நான்தான் பெட்டியை வெந்நீரில் துடைக்கிறேன். துடைத்தபின் காயவிட்டு, அடியில் செய்தித்தாள் விரிக்கிறேன். காலையில் காபிக்கு முன் பெட்டியோரம் காதை வைத்து ஒரு நிமிஷம் மூச்சைக் கேட்கிறேன். என் ஃப்ரீசரில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், உறைந்த எலிகள் டப்பாவில் கிடக்கின்றன. என் வீட்டில்! குமட்டுகிறது. ஆனால் நான் சொன்ன அந்த இரண்டு “இல்ல”வும் குமட்டுகிற அளவுக்கு இந்த எலிகள் குமட்டவில்லை.

அன்று நீ பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துதான் அவ்வளவு விவரமாகச் சொன்னாயா? இல்லை, என்னை நம்பி, நிம்மதியாகத்தான் ஆபரேஷனுக்குப் போனாயா? இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். கனவில் வந்தாள், காக்கையாக வந்தாள் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வதை நான் ஏற்பதில்லை. ஒரு வரி போதும். எழுத்தில் பதில் போடு.