முதலில் விழக் கற்க வேண்டும்

லராபாவின் அப்பாவுக்கு,

கானோ நகர மருத்துவமனையில் நானும் லராபாவும் நலம். உங்கள் தம்பியை அனுப்பிக் கூப்பிட்டீர்கள். இப்போது வரமாட்டேன்.

போலியோ தாக்கிய காலில் இரும்புச் சட்டம் பூட்டியதும், இங்கே முதலில் விழத்தான் சொல்லித் தருகிறார்கள். நேற்று லராபா விழுந்ததும் ஓடிப்போய்த் தூக்கினேன்.

"விடும்மா! நீ தூக்கிட்டே இருந்தா நான் எப்ப எழுந்திரிக்கறது?" என்று கையைத் தட்டிவிட்டாள்.

பயிற்சி தரும் அம்மா, "முதல்ல உனக்குத்தான் பயிற்சி தரணும் போல" என்று சிரித்தார். லராபா தானாகவே எழுந்துவிட்டாள்.

அவள் நடந்ததும் வருவோம். சொட்டு மருந்தோடு வந்தவர்களை நீங்கள் வாசலோடு திருப்பி அனுப்பியதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அன்று சாத்திய கதவைத் திறந்து வையுங்கள், போதும். படியில் அவள் விழுந்தால் தூக்க வராதீர்கள். எழுந்து உள்ளே வருவாள்.

உங்கள் மகளின் தாய்