பின்பாரம்

1974 மார்ச் 14, வியாழன்

துறைமுகத்தில் மரப்பெட்டியைத் தூக்கியதும் என் ஃபோர்க்லிப்டின் பின்சக்கரங்கள் எழும்பிவிட்டன. பின்னாலுள்ள இரும்புப் பாளத்தின் எடை போதவில்லை. பெட்டியை இறக்கியிருக்கலாம். கப்பல் காத்திருந்தது. "மாப்ள, பின்னால ஏறி நில்லும்" என்றேன்.

தங்கை ஸ்டெல்லாவின் புருஷன் அந்தோணி சிரித்தார். "ஒம்ம வண்டிக்கு நாந்தான் பாரமா, மச்சான்?" என்றபடி ஏறிக்கொண்டார்.

பத்தடி போவதற்குள் பள்ளத்தில் வண்டி குலுங்கி, பின்பக்கம் மேலே எழும்பியது. பெட்டி சரிந்து விழவும் பின்பக்கம் தரையில் வந்து அடித்தது. அவர் தூக்கியெறியப்பட்டு, தலை தண்டவாளத்தில் மோதியது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாயங்காலம் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவர யாரு அங்கன ஏறச் சொன்னது?" என்று கேட்டாள்.

"அவராத்தான் ஏறுனாரு" என்றேன்.

நம்பிவிட்டாள். அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம், "அண்ணன் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. கொஞ்சம் கஞ்சி குடுங்க" என்றாள்.

குடித்தேன்.