வரிசை எண் போடாத அட்டைகள்

நேற்று எங்கள் சுவா சூ காங் வட்டாரத்துப் பாலிகிளினிக்கில் தாதி ஒருத்தியின் கையிலிருந்து காகிதக் கட்டு நழுவித் தரையெங்கும் சிதறியது. முழங்கால் வலியை மறந்து நான் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். "விடுங்க ஆன்ட்டி, எல்லாத்துலயும் நம்பர் இருக்கு லா" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ இறந்த செய்தியை நாளிதழில் பார்த்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

அறுபதுகளின் கடைசியில், நாம் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த மூன்றாம் ஆண்டில், கம்ப்யூட்டர் பாடம் புதிதாக வந்தது. வகுப்பில் பெண்கள் நாம் இருவர்தான். உன் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. என் அப்பாவுக்கு ஜாலான் புசார் தெருவில் ஆணிக்கடை. கட்டளைகளை ஒவ்வொன்றாக அட்டையில் துளையிட்டு, கட்டாக அடுக்கி மெஷினுக்குக் கொடுக்கவேண்டும். ஓர் அட்டை இடம் மாறினாலும் எல்லாம் குழம்பிவிடும். நான் பிழைவிட்டு அழும்போதெல்லாம், "நாங்கள் நினைச்சது மெஷினுக்குத் தெரியாது. எழுதினது மட்டும்தான் தெரியும்" என்பாய்.

கடைசிப் பயிற்சியை இருவரும் சேர்ந்து செய்தோம். கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்கிடவேண்டும். யோசித்தது முழுக்க நீ. துளையிட்டது நான். அட்டைகளின் வலது ஓரத்தில் வரிசை எண் போடுவதும் என் வேலைதான்.

"நம்பர் போட்டனியோ?"

"போட்டுட்டேன்."

போடவில்லை. முந்நூறு அட்டை. கை சலித்துவிட்டது. யார் கீழே போடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கொடுக்கவேண்டிய நாளன்று மாடிப்படியில் என் கால் வழுக்கியது. கையிலிருந்த அட்டைகள் கடைசிப் படிவரை இறைந்தன. நீ ஒன்றை எடுத்து ஓரத்தைப் பார்த்தாய். இன்னொன்றை எடுத்தாய். எதிலும் எண் இல்லை. திட்டுவாய் என்று நின்றேன். "சரி, இனி என்ன செய்யிறது? இரு, அடுக்குவம்" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்து, துளைகளைப் படித்து அடுக்கினாய்.

அன்று ஐந்து மணிக்கு உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அது எனக்குத் தெரியும். நாலரைக்கு, "நீ போ, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். "உன்னால ஏலாது" என்றாய், தலையைத் தூக்காமலே. உண்மைதான். ஆனால் நான் இரண்டாம் முறை சொல்லவில்லை. பொய் சொன்னதைவிட அதுதான் பெரிய குற்றம்.

ஆறு மணிக்குக் கட்டைக் கொடுத்தோம். ஒரு பிழையில்லாமல் ஓடியது. உன் வீட்டிலோ வந்தவர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். "இனிப் படிச்சது காணும், நிப்பாட்டு" என்றாராம் உன் அப்பா. நான்காம் ஆண்டு ஹானர்ஸ் வகுப்புக்கு நீ வரவில்லை. துளையிடும் அறையில் நான் ஒரே பெண்ணாக உட்கார்ந்தேன். அந்தப் படிப்பு எனக்கு வேலை கொடுத்தது, பணி ஓய்வு வரைக்கும் சோறு போட்டது. நீ அடுத்த ஆண்டே கல்யாணமாகி ஈப்போ போய்விட்டாய். நான் கடிதம் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. பிறகு எப்போதாவது ஒரு மெஷினைத் தொட்டாயா? நாளிதழ்ச் செய்தியில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள்தான் இருந்தன.

உனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஹானர்ஸ் வகுப்பு தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தப்பு என்னுடையது என்று உன் அப்பாவிடம் சொல்ல ரேஸ்கோர்ஸ் ரோட்டிலிருந்த உன் வீட்டுக்கு வந்தேன். உள்ளே அவர் குரல் உரக்கக் கேட்டது. தெருவின் எதிர்ப்பக்கமே நின்றுவிட்டேன். மாடி ஜன்னலில் நீ என்னைப் பார்த்தாய். கையை உயர்த்தி ஒருமுறை அசைத்தாய். போகச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. திரும்பி நடந்துவிட்டேன்.

இத்தனை வருடமாக அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது என்னைக் கூப்பிட்ட கையாக இருந்தால்?