சந்தனத்தின் காதுப் பஞ்சு

19 ஜனவரி 1981, திங்கள்

சந்தனத்தின் நாலு குளம்பையும் இன்று நான்தான் சுத்தம் செய்தேன். அப்பாவால் வலது கையைத் தூக்க முடியவில்லை. முன்னங்காலில் ஒரு சிறு கல் சிக்கியிருந்தது. எடுத்ததும் பெருமூச்சு விட்டாள்.

நேற்று சேட் வீட்டுக் கல்யாண ஊர்வலத்தில் வெடி போட்டதும் அவள் மறுபடியும் முன்கால் தூக்கி நின்றுவிட்டாள். மாப்பிள்ளை சரிந்தார், தலைப்பாகை சாக்கடையில் விழுந்தது. கடிவாளத்தை இழுத்ததில் அப்பாவுக்குத் தோள் பிசகிவிட்டது. நவம்பரிலும் இதேதான் நடந்தது. மட்டாஞ்சேரியில் குஜராத்திக்காரர், மார்வாடி வீட்டு மாப்பிள்ளைகள் ஏற எங்களிடம் இருப்பது இந்த ஒரே வெள்ளைக் குதிரை.

சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போதும் பிள்ளே. பிச்சைமணிகிட்டச் சொல்லியாச்சு. களமசேரி செங்கல் வண்டிக்கு எடுத்துக்கிறானாம்."

 

21 ஜனவரி

செங்கல் வண்டிக் குதிரைகளைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். இழுவைப் பட்டை உரசி நெஞ்சில் மயிரே இருக்காது. சந்தனத்தை அங்கே போகவிட மாட்டேன்.

25 ஜனவரி, ஞாயிறு

வழக்கம்போல ஃபோர்ட் கொச்சிக் கரையில் குதிரைகளைக் குளிப்பாட்டினோம். வண்டிக் குதிரை வைத்திருக்கும் பிச்சைமணி அண்ணனும், கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிவரும் நாணுச்சேட்டனும் வந்திருந்தார்கள். சந்தனத்தின் பயத்துக்கு ஆளுக்கொரு வைத்தியம். சாட்டையைக் காட்டினால் சரியாகும் என்றார் பிச்சைமணி அண்ணன். தீனி வைக்கும்போது பக்கத்தில் செண்டை மேளம் கொட்டச் சொன்னார் நாணுச்சேட்டன். "உன் குதிரை வெடிக்குப் பயப்படாது, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத்தானே பயப்படும்?" என்று அப்பா கேட்க, நாணுச்சேட்டன் சிரித்துக்கொண்டே, "அதுக்கு நம்ம வீட்டு ஸ்டவ்வப் பாக்கணும், ஞானே பயப்படுவேன்" என்றார்.

நான் வாலைச் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். மூன்று பேர் முன்னால் வாய் திறக்க வரவில்லை.

27 ஜனவரி

ஒரு விசித்திரம். மத்தியானம் கட்சி ஊர்வலம் ஒன்று எங்கள் சந்து முனையில் போனது. செண்டை, கோஷம், சரம்சரமாய் வெடி. ஓடிப்போய்ப் பார்த்தால் சந்தனம் ஒரு தரம் தலையைத் தூக்கினாள், காதைத் திருப்பினாள், மறுபடி புல்லுக்குக் குனிந்துவிட்டாள்.

அப்படியானால் பயம் எதற்கு?

28 ஜனவரி

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

தோள் கொஞ்சம் தேவலை என்று அப்பா அவளைக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பழக்கிப் பார்க்க எண்ணினார். ஜரிகைத் துணி, நெற்றிப்பட்டம் எல்லாம் போட்டார். சும்மா நின்றாள். பிறகு தகர டப்பாவைத் திறந்து பஞ்சு உருட்டினார். ஊர்வலத்துக்கு முன்னால் எப்போதும் அவள் காதில் பஞ்சு அடைப்பார், சத்தம் கேட்கக் கூடாதென்று. அந்தப் பஞ்சைக் கண்டதும் அவள் தொடைத் தோல் துடித்தது. மூக்குத் துவாரம் விரிந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை, ஐஸ் வண்டி மணிகூட இல்லை.

ஆறு வருஷமாய் அவளுக்குப் பஞ்சு வைப்பது வெடி வெடிக்கப் போகும் நாளில் மட்டும்தான். அடைத்தாலும் வெடி அதிர்வது உடம்புக்குத் தெரியும். எங்கிருந்து வருகிறதென்று காதுக்குத் தெரியாது. அப்பா குரலும் கேட்காது. பாவம். பயப்படு, பயப்படு என்று வருஷா வருஷம் நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

சொல்ல வேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் அன்பாகச் செய்தது அது.

29 ஜனவரி

சொல்லவில்லை.

30 ஜனவரி, வெள்ளி

சொன்னேன். பஞ்சை விட்டுவிடலாம் என்றும் கேட்டேன். அப்பா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இருவது வருசம் குதிரைகூடக் கெடக்கேன். நீ புஸ்தகத்துல பாத்தியாக்கும்?"

புஸ்தகத்தில் இல்லை, இவளைப் பார்த்துத்தான் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மாதான் உள்ளிருந்து, "ஒருக்கா அவ சொல்றபடிதான் செஞ்சு பாருங்களேன். குதிரை போனாப் போனதுதான்" என்றாள்.

கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு அப்பா பேசினார். பதினைந்தாம் தேதி இன்னொரு சேட் வீட்டுக் கல்யாணம் இருக்கிறதாம். அவர்களுக்கும் வேறு வெள்ளைக் குதிரை கிடைக்காது. அதில் சந்தனம் ஒழுங்காய் நடந்தால் நம்மோடு இருக்கட்டும், இல்லாவிட்டால் மறுநாளே பிச்சைமணி. தோள் சரியாகாததால் கடிவாளம் பிடிக்க வேண்டியது நான்.

நான்! சேட் வீட்டு ஜனம், பேண்டுக்காரர்கள், தெரு முழுக்கப் பார்க்கும்.

இருந்தாலும் சரி என்றேன்.

3 பிப்ரவரி

பேண்டுக்காரர்கள் பழகும் கொட்டகை வரை நடத்திப் போனேன். பஞ்சு இல்லை. இருபதடி தள்ளி நிறுத்தி ஊறவைத்த கொள்ளு கொடுத்தேன்.

6 பிப்ரவரி

அவசரப்பட்டேன். ட்ரம்பெட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனேன். இழுத்துத் தள்ளிவிட்டாள். முழங்கால் தேய்ந்தது. வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். எழுந்து, மறுபடி இருபதடியிலிருந்து.

11 பிப்ரவரி

ஐந்தடி. ட்ரம்பெட்டுக்காரர் இப்போது சிரிப்பதில்லை. நாங்கள் வந்ததும், "வந்நோ, சந்தனம்?" என்று வரவேற்கிறார்.

14 பிப்ரவரி

நாளை. கொள்ளு ஊறவைத்துவிட்டேன்.

15 பிப்ரவரி, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டு வாசலில், பேண்டு தொடங்குவதற்குச் சற்று முன், அப்பாவின் கை தானாகவே டப்பாவைத் திறந்துவிட்டது. சந்தனம் உடனே பின்னால் நகர்ந்தாள். ஒரு பெரியவர் இந்தியில் ஏதோ கத்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேணாம்ப்பா. டப்பாவ எங்கிட்டக் குடுங்க." சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

அப்பா கொடுத்தார். தாவணியில் முடிந்து மறைத்தேன். அவள் கழுத்தைத் தடவிப் பேசிக்கொண்டே இருந்தேன், மூச்சு சீராகும் வரை. மாப்பிள்ளை ஏறினார். பயந்த முகம். நடந்தோம்.

திருப்பத்தில் பெரிய சரத்தைக் கொளுத்தினார்கள். அவள் நின்றாள். நானும் நின்றேன். இழுக்கவில்லை. ஒரு காது வெடிப் பக்கம், ஒரு காது என் பக்கம். "நான் இருக்கேன்டி" என்றேன். கடைசி வெடி முடிந்ததும் அவளே காலெடுத்து வைத்தாள்.

பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும் அவர் மாலையிலிருந்து நாலு சாமந்தியைத் தின்றுவிட்டாள். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள்.

 வீட்டுக்கு வந்ததும் அப்பா பிச்சைமணி அண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பினார், நாளை வர வேண்டாமென்று.

1 மார்ச், ஞாயிறு

கரையில் நல்ல காற்று. பிச்சைமணி அண்ணன் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பழுப்புக் குதிரை வாங்கியிருக்கிறார். தோப்பும்படிப் பாலம் ஏற மாட்டேனென்று அடம் பிடிக்கிறதாம். நாணுச்சேட்டன் ஒரு வைத்தியம் சொன்னார். அப்பா தண்ணீரில் நின்றபடியே, "அவகிட்டக் கேளுடா" என்றார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது.

"பாலம் வர்றதுக்கு முன்னாடி நீங்க என்ன செய்வீங்கண்ணே?"

பிச்சைமணி அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"சாட்டையக் கையில எடுத்துக்குவேன்" என்றார்.