தலை தீபாவளிக்கு வந்த சைக்கிள்

17 ஜூலை 2011, ஞாயிறு

சிதம்பரம், மாமியார் வீடு. விடிந்ததும் விடியாததுமாக வாசலில் மணிச் சத்தம். ரேகாவின் அண்ணன் தில்லைநாதன் – என் மச்சான், பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் – தன் சைக்கிள் கூட்டத்தோடு நான்கு வீதியையும் சுற்றிவிட்டு வந்து, டீயும் கையுமாகப் பிரசங்கம் செய்தார். "முன் சக்கரம் புருஷன், பின் சக்கரம் பொண்டாட்டி, நடுவுல ஓடுற செயின்தான் பாசம், மாப்ள." கூட இருந்த தொப்பைகள் எல்லாம் தலையாட்டின.

செயின் பின் சக்கரத்தை மட்டும்தான் இழுக்கும். அவர் கணக்குப்படி புருஷன் என்பவன் சும்மா உருண்டுகொண்டு போகிற தண்டம். ரேகாவிடம் சொன்னேன்.

"சரியாத்தான சொல்லியிருக்காரு."

மெக்கானிக்கல் படித்து, சிப்காட்டில் பாய்லர் பார்க்கிறவனுக்கு இந்தக் கதி.

14 ஆகஸ்ட்

இன்று பிரேக். மாமியார்தான் குடும்பத்துக்கு பிரேக்காம். அதைக் கேட்டு அந்த அம்மாளுக்கு அத்தனை பூரிப்பு.

26 அக்டோபர், புதன்

தலை தீபாவளி. கூட வேலை பார்க்கும் பக்கிரிக்கு மாமனார் வீட்டில் மோதிரம் போட்டார்கள். எனக்குச் சீர் – சைக்கிள். நீல நிறம், கியர் வண்டி, பிளாஸ்டிக் உறையோடு. ஹேண்டில்பாரில் மஞ்சள் குங்குமம், ஒரு சாமந்தி மாலை. ஏதோ காளை மாட்டைப் பிடித்து வந்து நிறுத்தியதுபோல. மச்சான் ஓட்டுவதோ கேரியர் வைத்த பழைய கறுப்பு வண்டி.

"நீங்கதான் எப்பவும் சொல்வீங்களே மாப்ள, பெட்ரோல் வீண்னு. அதான் பாத்துப் பாத்து எடுத்தேன். ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க."

தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. முழங்கால் வலி என்றேன்.

எனக்கு சைக்கிள் விட வராது. பைக்கும் வராது. நாலாவது படிக்கும்போது கெடிலம் பாலத்துச் சரிவில் விழுந்து பல் உடைந்தது, அதோடு சரி. கம்பெனி பஸ் வீட்டு வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. யாராவது கேட்டால் பெட்ரோல் வீண் என்பேன். அந்த வாயைத்தான் இந்த மனுஷன் நம்பித் தொலைத்திருக்கிறார். ரேகாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

6 நவம்பர், ஞாயிறு

வளைகாப்பு, செம்மண்டலத்தில் நம் வீட்டில். ரேகாவைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக எல்லாரும் வந்திருந்தார்கள். மச்சான் மூலையில் உறை பிரிக்காமல் நின்ற வண்டியைப் பார்த்தார். "இன்னும் எடுக்கலியா மாப்ள?" என்று கேட்டதோடு விட்டிருக்கலாம். பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் நின்று முன் சக்கரம், பின் சக்கரம் என்று ஆரம்பித்துவிட்டார்.

விடவில்லை நான். "மச்சான், செயின் எந்தச் சக்கரத்துக்குப் போவுதுன்னாவது தெரியுமா உங்களுக்கு? பசங்களுக்கு லெஃப்ட் ரைட் சொல்லிக் குடுக்குறதோட நிறுத்திக்குங்க. உங்க தத்துவத்தையும் வண்டியையும் நீங்களே ஓட்டுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

கார் ஏறும்போது ரேகா சொன்னாள்: "எங்கண்ணன்கிட்ட மன்னிப்பு கேக்குற வரைக்கும் எனக்கு போன் பண்ணாதீங்க. புள்ள பொறந்தாலும் வராதீங்க."

சொன்னதில் என்ன தப்பு? செயின் பின் சக்கரத்துக்குத்தானே போகிறது?

4 டிசம்பர்

போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

30 டிசம்பர், வெள்ளி

தானே புயல். விடியற்காலையில் கரையைக் கடந்தது. அம்மாவும் நானும் சமையலறைக் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டு ஓடு ஒன்றுகூட மிச்சமில்லை. மின்கம்பம் எல்லாம் முழங்கால் மடக்கி உட்கார்ந்த மாதிரி கிடக்கிறது. இப்போது போன் பண்ணலாம் என்று எடுத்தேன். டவர் இல்லை.

அவளுக்கு நாள் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இருக்கிறதுதானே?

31 டிசம்பர்

கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, பஸ் இல்லை. ரோடு முழுக்க மரம். தெருவில் நடமாடுவது சைக்கிள் மட்டும். வீட்டில் ஒன்று புத்தம் புதிதாக நிற்கிறது. பார்க்கப் பார்க்க எரிகிறது.

1 ஜனவரி 2012, ஞாயிறு

மத்தியானம் வாசலில் அந்த மணிச் சத்தம். மச்சான். முட்டி வரை சேறு, சட்டை தோளில் கிழிந்திருந்தது. சிதம்பரத்திலிருந்து மரத்துக்கு மரம் வண்டியைத் தூக்கித் தூக்கி வைத்து வந்திருக்கிறார். ஹேண்டில்பாரில் ஒரு பிளாஸ்டிக் பை. பிரித்தால் கல்கண்டு, பாதி கரைந்து ஒட்டிப்போய்.

"சம்பந்தி வீட்டுக்குச் சக்கரை குடுத்துத்தான சொல்லணும். பொண்ணு, மாப்ள. நேத்து பொறந்துச்சு. கொஞ்சம் முன்னாடியே வலி கண்டுடுச்சு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

அவரே என் வாயில் ஒரு கல்கண்டைப் போட்டார்.

"உங்க வண்டிய எடுங்க. வெளிச்சத்துலயே போய்டலாம்."

காற்று இல்லை என்றேன். "பம்பு இருக்கு." செயினுக்கு எண்ணெய் போடவில்லை. "போட்டுக்கலாம்." முன் ஃபோர்க் அலைன்மெண்ட் சரியில்லை, ரோடு இருக்கிற நிலைமையில்–

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். "ஏண்டா வாய் கூசாம பொய் சொல்ற? அவனுக்கு சைக்கிளே உட வராது தம்பி. சின்னப் புள்ளையில வுழுந்ததுலேர்ந்து தொட்டதே இல்ல."

மச்சான் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அட, இதுக்கா மாப்ள அன்னிக்கி அவ்ளோ பேச்சு?"

சிரித்தார், ஆனால் இளப்பமாக இல்லை. அதுதான் தாங்கவில்லை. கேரியரைத் துண்டால் துடைத்துவிட்டு, "ஏறுங்க" என்றார்.

2 ஜனவரி

நேற்று எழுதி முடிக்கவில்லை. முதுநகர் தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம் வரைக்கும் இறங்குவதும் ஏறுவதுமாகவே இருந்தது. மரம் வந்தால் வண்டியின் முன்பக்கம் அவர், பின்பக்கம் நான். பிறகு மறுபடியும் நான் கேரியரில், அரிசி மூட்டைபோல. அவர் முதுகிலிருந்து வியர்வை வழிந்து சட்டை ஒட்டிக்கொண்டது. பி.முட்லூர் வெள்ளாற்றுப் பால ஏற்றத்தில், நடந்து வருகிறேன் என்றேன். "உக்காருங்க மாப்ள, மூச்சு இருக்கு."

வழி முழுக்க ஒரு தத்துவமும் வரவில்லை. ஏதாவது சொல்லித் தொலைய மாட்டாரா என்று இருந்தது. கடைசியில் நான்தான் பேசினேன். "அன்னிக்கு நான் பேசுனது தப்பு மச்சான்." "முதுகுல பேசுறீங்க, காத்துல ஒண்ணும் கேக்கல" என்றார். கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் ரேகா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு என் பேண்ட்டின் பின்பக்கச் சேற்றைப் பார்த்தாள்.

"எங்கண்ணன் பின்னாடி உக்காந்தா வந்தீங்க?"

"ம்."

"நீங்க ஓட்டலாமில்ல?"

சொன்னேன். தையல் இழுக்கிறது, இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிள்ளையை என் கையில் கொடுக்கும்போதும் சிரிப்பு நிற்கவில்லை. பிள்ளைக்கு மச்சானின் மூக்கு. என்ன செய்வது.

11 மார்ச்

மஞ்சக்குப்பம் மைதானம். விழுந்தேன். மச்சான் அதற்கும் ஒரு பாடம் சொன்னார்.

18 மார்ச்

விழுந்தேன். பாடம் வேறு.

17 ஜூன், ஞாயிறு

கியர் வண்டிக்குக் கேரியர் கிடையாது. கம்பெனி ஒர்க்ஷாப்பில் கம்பி வளைத்து நானே ஒன்று வெல்டிங் வைத்தேன். ரேகா பார்த்துவிட்டு, நல்ல வண்டியை அசிங்கம் பண்ணிட்டீங்க என்றாள். சிமெண்ட் மூட்டை வைத்துச் சோதித்தேன். தாங்கியது.

இன்று மச்சான் பஸ்ஸில் வந்தார். ஸ்டாண்டிலிருந்து நான்தான் போய் ஏற்றிக்கொண்டேன். கொஞ்சம் அலைந்தது, பிறகு நேராகிவிட்டது. கெடிலம் பாலம் ஏறும்போது பின்னாலிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம்.

"மாப்ள, இந்தக் கேரியர் இருக்கு பாருங்க, இதுதான் மச்சான் உறவு–"

வேகமாக மிதித்துப் பார்த்தேன். செம்மண்டலம் வரைக்கும் நிறுத்தவே இல்லை அவர்.