பதினான்காவது விதி

மாசாய், ஜோகூர்

அன்பு மகள் லோஷினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் வலியைத் தவிர. பெல்பாஸ்ட் குளிரில் நீயும் சுகமாக இருக்க அம்மன் அருள் புரியட்டும். தொலைபேசியில் இதைச் சொன்னால் நீ இடையில் புகுந்து சமாதானம் சொல்வாய், அதனால் எழுதுகிறேன்.

நீ நம் கோயிலுக்கு எழுதிக் கொடுத்த சட்டவிதியைப் பற்றித்தான். எஸ்டேட்டை விற்றபோது அம்மனைச் சுமந்து வந்த நம் ஆட்களும், பின்னால் தொழிற்சாலை வேலைக்கு வந்த அடுக்குமாடிக்காரர்களும் இந்த மாதக் கடைசிக்குள் ஒரே சட்டவிதியை ஏற்காவிட்டால் கோயில் சங்கத்தின் பதிவு ரத்தாகும் என்பது உனக்குத் தெரியும். பிரிந்து கிடக்கும் நாடுகளுக்கு அரசியலமைப்பு எப்படி எழுதுவது என்று ஆராய்கிற பெண் நமக்கு எழுதித் தரமாட்டாளா என்று இரண்டு தரப்புமே கேட்டபோது எனக்குப் பெருமைதான். தமிழில் பெயர்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். பதினான்காவது விதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இரண்டு தரப்புக்கும் சண்டை நடந்த ஆண்டுகளில் கோயில் பொறுப்பில் இருந்தவர் எவரும், எந்தத் தரப்பானாலும், அடுத்த இரண்டு பதவித் தவணைக்குப் போட்டியிடக்கூடாது என்று எழுதியிருந்தாய். அடுக்குமாடிக்காரர்களின் தலைவன் திருச்செல்வத்துக்கு அது நியாயம். தீமிதி அன்று பூசாரி உன் தாத்தாவுக்குக் கட்டவிருந்த பரிவட்டத்தைப் பிடுங்கி, ஊரே பார்க்கத் தன் ஆளுக்குக் கட்ட வைத்தவன் அவன். அடுத்த தீமிதிக்குத் தாத்தா இல்லை. அவனையும் என்னையும் ஒரே வரியில் வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது? அரசாங்க வேலையில் என்னிடம் வேலை கற்றவர்களெல்லாம் எனக்கு மேலே போனார்கள், கோயில் தலைவர் பதவி ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. அவன் நின்றால் நிற்கட்டும், நானும் நிற்பேன் என்று அந்த விதியை எடுத்துவிட்டு, பதினைந்தைப் பதினான்காக்கி அச்செடுத்தேன். ஆங்கில மூலத்தை என் மகள் எனக்கு மட்டும்தான் அனுப்பியிருப்பாள் என்று நினைத்தேன். நீயோ இரண்டு தரப்புக்கும் ஒரே நாளில் அனுப்பியிருக்கிறாய்.

சென்ற ஞாயிறு மண்டபத்தில் என் தமிழ்ப் பிரதியை எல்லாருக்கும் கொடுத்தோம். திருச்செல்வம் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. முடிந்து நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது பக்கத்தில் வந்து, மகேஸ்வரன் சார், பதினாலாவது காணோம், டைப் பண்ணும்போது விட்டுப் போச்சு போல, பாத்து சேத்துருங்க லா என்றான். அவனோடு வந்த ஜெயபாலன், அப்பாவுக்காக மக எழுதின சட்டம்னு சொல்லிட்டா முடிஞ்சுது என்று சிரித்தான். திருச்செல்வம் அவனைப் பார்த்து, வாய மூடு, அந்தப் புள்ள அப்படி எழுதல, இங்கிலீஷ் எங்கிட்ட இருக்கு என்று அதட்டினான். நான் கெடுக்கப் பார்த்த உன் பெயரை அவன் காப்பாற்றினான். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், இதைத்தான் விழுங்க முடியவில்லை.

இன்று காலை விதியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். அம்மா படித்துப் பார்த்து, அப்போ நீங்களும் நிக்க முடியாதுல்ல என்றாள். முடியாது என்றேன். கோப்பி கலக்கப் போய்விட்டாள். வரும் ஞாயிறு அதை நானே எழுந்து வாசிப்பேன். முதலில் விட்டது கைதவறி அல்ல, வேண்டுமென்றே எடுத்தேன் என்பதையும் சொல்வேன். திருச்செல்வம் கொடுத்த சாக்கைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு நன்றிக்கடன் படுவதைவிட அது எளிது. ஒரு வார்த்தை என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்லாததே சரி. சொல்லியிருந்தால் பேசிப் பேசியே உன்னை மாற்ற வைத்திருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு, காது மூடித் தொப்பி போடு. கூட்டம் இங்கே காலை பத்துக்கு, உனக்கு அது அகால நேரம், விழித்திருக்காதே. அம்மன் உனக்கு நல்ல ஆயுளையும் நல்ல பெயரையும் தரட்டும். திருச்செல்வத்தோடு நான் இனியும் பேசப்போவதில்லை. பேசியாக வேண்டும் என்று நீ எங்கும் எழுதவில்லை, எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டேன்.

உன் அப்பா,
மகேஸ்வரன்